பாலியல் தொழில் மலேசியாவில் குற்றமா? சட்டம் சொல்வதும் சமூகம் நினைப்பதும்

"பிரிக்ஃபீல்ட்ஸில் போலீஸ் அதிரடிச் சோதனை", "கிள்ளானில் உடம்புப்பிடி நிலையம் முற்றுகை, பெண்கள் கைது" என்ற வகைச் செய்திகள் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வரிசையாகத் தரையில் அமர்ந்திருக்கும் பெண்களின் படமும் கூடவே வரும். அதைப் பார்த்ததும் இரண்டு கருத்துகள் எழும். "இதை அடியோடு ஒழிக்க வேண்டும்" என்பார் ஒருவர். "சட்டப்படி அனுமதி கொடுத்து ஓரிடத்தில் ஒதுக்கிவிட்டால் தொல்லை தீரும்" என்பார் இன்னொருவர். இப்போதைய சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று கேட்டால் இருவருமே தயங்குவார்கள். விவாதத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

சட்டத்தில் இருப்பது என்ன?

மலேசியக் குற்றவியல் சட்டத் தொகுப்பில் 372 முதல் 373 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. பணத்துக்காகவோ பொருளுக்காகவோ ஒருவர் தம் உடலைப் பாலியல் இன்பத்துக்கு அளிப்பது விபசாரம் என்று 372ஆவது பிரிவு விளக்கம் தருகிறது. ஆனால் அப்படி அளிப்பதையே ஒரு குற்றமாக அது வரையறுக்கவில்லை. குற்றமாக்கப்பட்டவை அதைச் சுற்றியுள்ள செயல்கள்.

பிரிவு 372: ஒருவரை விபசாரத்துக்காகச் சுரண்டுவது, விற்பது, வாங்குவது, ஏமாற்றிக் கொண்டுவருவது. 15 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு.

பிரிவு 372ஏ: இன்னொருவரின் விபசார வருமானத்தில் தெரிந்தே முழுமையாகவோ பகுதியாகவோ வாழ்வது. இதற்கும் 15 ஆண்டு வரை சிறை.

பிரிவு 372பி: எந்த இடத்திலும் விபசாரத்துக்காக ஆள் அழைப்பது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 373: விபசார விடுதி நடத்துவது, நிர்வகிப்பது, தெரிந்தே அதற்கு இடத்தை வாடகைக்கு விடுவது. ஒரே நேரத்திலோ வெவ்வேறு நேரத்திலோ இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தும் எந்த இடமும் "விடுதி"தான்.

கடைசி விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். தனியாக இருக்கப் பயந்து இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்து தொழில் செய்தால் அந்த வீடு விடுதியாகிவிடும். அவளுடைய சம்பாத்தியத்தில் சாப்பிடும் வயது வந்த உறவினர்மீதும், சட்டத்தின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், 372ஏ பிரிவு பாயலாம். ஆக, செயல் நேரடியாகத் தடுக்கப்படாவிட்டாலும் அதைப் பாதுகாப்பாகச் செய்வதற்கான வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன.

முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம் தனி. கூட்டரசுப் பிரதேசங்களில் 1997ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, விபசாரத்தில் ஈடுபடும் பெண்ணுக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை விதிக்க இடம் தருகிறது. மற்ற மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன.

பிடிபடுவது யார்?

ஏட்டில் கடுமையான தண்டனை முதலாளிக்கும் தரகருக்கும்தான். நடைமுறையில் சோதனை நடக்கும்போது அங்கே இருப்பவர் பெண். முதலாளி பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கடையின் உரிமம் வேறொருவர் பெயரிலும், வாடகை ஒப்பந்தம் மற்றொருவர் பெயரிலும் இருக்கலாம்.

வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால் குடிநுழைவுச் சட்டம் குறுக்கே வரும். சுற்றுலா அனுமதியில் வந்து வேலை செய்வது, அனுமதிக் காலம் முடிந்தும் தங்குவது, செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் இருப்பது ஆகியவை தனிக் குற்றங்கள். விபசாரத்தைப் பற்றி ஒரு சாட்சியமும் தேவையில்லை. உள்ளூர்ப் பெண்ணானால், தெருவில் நின்றதற்கே 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின்படி ஒழுங்கீன நடத்தை என்று குற்றஞ்சாட்டப்படலாம். முஸ்லிம் அல்லாத திருநங்கைகள் மீதும் இந்தச் சிறு குற்றச் சட்டம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

வேலை கேட்டுப் போகும் இடத்தில் அடையாள அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படும் திருநங்கைகளில் பலருக்கு இத்தொழில் ஒன்றே எஞ்சுகிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு மலேசியத் திருநங்கைகளைப் பற்றி 2014இல் வெளியிட்ட அறிக்கை, கைது, அடி, வேலை மறுப்பு ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் பதிவு செய்தது.

பிரிக்ஃபீல்ட்ஸின் இரு முகங்கள்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் கட்டியெழுப்பச் சூளைகள் இருந்த வட்டாரம் பிரிக்ஃபீல்ட்ஸ். பிறகு ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் வந்தன. கோயில்கள், தேவாலயங்கள், பௌத்த விகாரை, பள்ளிகள் எனப் பலவும் அடுத்தடுத்து நிற்கும் இடம். 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள்.

அதே வட்டாரத்தின் ஜாலான் தம்பிப்பிள்ளை நெடுங்காலமாக வேறொரு பெயரும் பெற்றிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் பெற்றோரும், கோயிலுக்குப் போய்வரும் பெண்களும், அங்கே குடியிருப்போரும் சொல்லும் புகார் நியாயமானது. இரவில் வீடு திரும்பும் எந்தப் பெண்ணையும் "விலை" கேட்கும் ஆண்கள் இருந்தால், பாதிக்கப்படுவது அந்தத் தெருவில் வாழும் எல்லாப் பெண்களும்தான்.

இன்னொரு தரப்பையும் மறந்துவிடக் கூடாது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பயிற்சி பெற்ற பார்வையற்றோர் பலருக்கு உடம்புப்பிடிதான் சோறு போடும் தொழில். "மசாஜ்" என்று பலகை மாட்டி உள்ளே வேறு தொழில் நடத்தும் கடைகள் பெருகப் பெருக, இவர்களின் வாடிக்கையும் குறைகிறது, நற்பெயரும் கெடுகிறது. உடம்புப்பிடி என்ற சொல்லே இரட்டை அர்த்தம் ஆகிவிட்டதன் இழப்பை இவர்கள் சுமக்கிறார்கள். பாலியல் தொழில் வேறு பெயருக்குள் ஒளிந்து நடப்பதன் விலை இது.

ஆள்கடத்தல் வேறு

விவாதத்தில் அடிக்கடி கலந்துவிடும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயது வந்த ஒருவர் தாமே முடிவெடுத்துச் செய்வது ஒன்று. ஏமாற்றி, மிரட்டி, கடனில் சிக்கவைத்து, கடப்பிதழைப் பறித்து வைத்துக்கொண்டு செய்யவைப்பது வேறொன்று. இரண்டாவதற்கு 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. 2010இல் குடியேறிகளைக் கடத்தும் குற்றமும் அதில் சேர்க்கப்பட்டது. கடத்தப்பட்டவர் "சம்மதித்தார்" என்பதை அந்தச் சட்டம் தற்காப்பு வாதமாக ஏற்பதில்லை. கடத்தப்பட்டவர் சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்ததற்காக அவர்மீது வழக்குத் தொடுக்கவும் கூடாது.

18 வயது நிரம்பாதவர் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம், அதற்கு முன்பிருந்த 1973ஆம் ஆண்டுப் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கி, சிறாரை விபசாரத்தில் ஈடுபடுத்துவதைக் கடும் குற்றமாக்கியது. எந்த நாட்டின் எந்தச் சட்ட மாதிரியை எடுத்துக்கொண்டாலும் இந்த எல்லை மாறுவதில்லை.

ஆனால் இந்தக் கோடு தெருவில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. சலூன் வேலை, உணவக வேலை என்று நம்பி வந்தவர், முகவரிடம் பட்ட கடனை அடைக்க இந்தத் தொழிலில் தள்ளப்பட்டிருக்கலாம். கடன் அடைந்த பிறகும் ஊருக்கு வெறுங்கையோடு போக முடியாமல் தொடரலாம். அவர் கடத்தப்பட்டவரா, சட்டத்தை மீறிய அந்நியரா என்பதைச் சோதனை நடந்த இரவில் ஓர் அதிகாரி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மொழி தெரியாத, முதலாளிக்குப் பயந்த, கைது செய்யப்பட்ட ஒரு பெண் அப்போது உண்மையைச் சொல்வாரா என்பதே கேள்வி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆள்கடத்தல் அறிக்கை 2021, 2022 ஆண்டுகளில் மலேசியாவைக் கடைசிப் படியான மூன்றாம் நிலையில் வைத்ததற்கு, பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காண்பதில் உள்ள இந்தப் பலவீனமும் ஒரு காரணம்.

"சட்டப்பூர்வம்" என்றால் எது?

முழுத் தடையை விட்டு விலகிய நாடுகள் ஒரே வழியில் போகவில்லை. மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்துவது. நெதர்லாந்து 2000இல் விடுதிகளுக்கான தடையை நீக்கியது. ஜெர்மனி 2002இல் இதை ஒரு தொழிலாக ஏற்றது. 2017 முதல் அங்கே தொழிலாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமம் உள்ள இடத்தில் கண்காணிப்பு எளிது என்பது ஆதரவாளர் வாதம். பெயரைப் பதிய விரும்பாதவர்களும் குடியுரிமை இல்லாதவர்களும் மறுபடியும் நிழலுக்கே போகிறார்கள் என்பது எதிர்வாதம்.

இரண்டாவது, குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டுத் தொழிலாளர், சுகாதாரச் சட்டங்களின் கீழ்க் கொண்டுவருவது. நியூசிலாந்து 2003இல் இதைச் செய்தது. நாடாளுமன்றத்தில் ஆதரவு 60, எதிர்ப்பு 59. எந்த நேரத்திலும் வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை அந்தச் சட்டம் பாலியல் தொழிலாளிக்குத் தருகிறது. அதே சமயம், தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இத்தொழிலில் ஈடுபட அங்கே அனுமதி இல்லை. பெல்ஜியம் 2022இல் இதே திசையில் சென்றது. ஆம்னெஸ்டி இண்டர்நேஷனல் 2016இல் இந்த வழியை ஆதரித்தது.

மூன்றாவது, விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைத் தண்டிப்பது. சுவீடன் 1999இல் தொடங்கியது. நார்வேயும் பிரான்சும் பின்பற்றின. பெண்ணின் உடல் விலைபொருள் அல்ல என்ற பெண்ணியக் கொள்கை இதன் அடிப்படை. வாடிக்கையாளர் பயந்து மறைவிடம் தேடினால் பெண்ணும் அந்த மறைவிடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் எதிர்க்கின்றன.

நமக்குப் பக்கத்தில் உள்ள சிங்கப்பூர் இவற்றில் எதிலும் சேராது. விடுதி நடத்துவதும் ஆள் அழைப்பதும் அங்கே குற்றம். ஆனாலும் கேலாங் போன்ற சில பகுதிகளில் மருத்துவப் பரிசோதனையோடு கூடிய விடுதிகளைக் காவல் துறை சகித்துக்கொள்கிறது. சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று.

எனவே "சட்டமாக்கலாமா, வேண்டாமா" என்று மொட்டையாகக் கேட்பதில் பயன் குறைவு. தண்டனை யாருக்கு, பதிவு யாருக்கு, பாதுகாப்பு யாருக்கு என்று கேட்டால்தான் ஒவ்வொரு வழியின் லாப நட்டமும் தெரியும்.

சென்னை கற்றுத்தந்த பாடம்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஓர் ஆய்வு செய்தார்கள். காவலில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அப்படித்தான் வெளிப்பட்டன. மலேசியாவில் முதல் தொற்று பதிவானதும் அதே ஆண்டில்தான்.

நோய்க்குப் பெண்களைக் குற்றஞ்சாட்டுவதா, நோயைத் தடுக்க அவர்களையே துணைக்கு அழைப்பதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். தொழிலில் இருக்கும் பெண்களே மற்றவர்களுக்கு ஆணுறை பற்றி எடுத்துச் சொன்னார்கள். 1995இல் அவர்கள் சொந்தமாகச் சங்கமும் அமைத்தார்கள்.

2022 மே 19 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், வயது வந்து தன் விருப்பத்தோடு இத்தொழில் செய்பவரைக் காவல் துறை துன்புறுத்தக் கூடாது, மற்றக் குடிமக்களுக்குரிய கண்ணியம் அவருக்கும் உண்டு என்று வழிகாட்டியது. ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்பதும் அதில் அடக்கம். விடுதி நடத்துவது அங்கே இன்னமும் குற்றம்தான்.

இங்கும் இந்தப் பணி நடக்காமல் இல்லை. 1987இல் தொடங்கிய பிங்க் டிரையாங்கல் இயக்கமும், 1992இல் அமைந்த மலேசிய எய்ட்ஸ் மன்றமும் சௌக்கிட் போன்ற பகுதிகளில் பாலியல் தொழிலாளிகளைத் தேடிச் சென்று உதவியிருக்கின்றன. ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் நிறுவிய தெனாகானித்தா, கடத்தப்பட்ட பெண்களையும் அந்நியத் தொழிலாளர்களையும் மீட்டுவருகிறது. கைப்பையில் ஆணுறை இருப்பதே சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது என்பது களப்பணியாளர்கள் நீண்ட நாளாகச் சொல்லும் குறை. பிடிபடுவோம் என்று பயந்து அதைத் தூக்கியெறிந்தால், நோய் அவளோடு நிற்காது. வாடிக்கையாளர் வழியே அவர் மனைவிக்கும் போகும்.

நம் சமூகத்தின் பழைய விவாதம்

தமிழருக்கு இந்த விவாதம் நூறாண்டுப் பழக்கம் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அவர்களுக்குத் தந்த வீடும் பதிவாகியிருக்கின்றன. இறைவனுக்குத் தொண்டு செய்தவரைக் குறித்த தேவரடியார் என்ற மதிப்பான சொல், பின்னாளில் சிதைந்து, இன்று பெண்ணை இழிவுபடுத்தும் வசையாகிவிட்டது. நில மானியமும் கலையும் கையில் இருந்த ஒரு பிரிவினர், புரவலரின் தயவில் வாழும் நிலைக்கு இறங்கிய வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் குலத்திலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிக் கலைஞர்களோ, எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் செய்யாதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும் என்று எதிர்த்தார்கள். 1947இல் சட்டம் நிறைவேறியது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவது நின்றது. அது பெரிய வெற்றி. சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெண்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கேள்விக்கு அதே வேகத்தில் பதில் கிடைக்கவில்லை.

நம் மண்ணிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், பள்ளி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு, துரைமார்களும் அவர்களின் கீழ் இருந்த ஆசிய அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதையும் வைத்தார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெண்ணின்மீது நடக்கும் அத்துமீறலைக் குடும்ப மானப் பிரச்சினையாக மறைக்காமல், கூலியோடும் வேலை நேரத்தோடும் சேர்த்து, முதலாளியிடம் கேட்க வேண்டிய உரிமையாக அவர்கள் எழுதினார்கள். அன்று தோட்டத்தில் கேட்க முடிந்ததை, தோட்டம் துண்டாடப்பட்டு நகரின் ஓரத்துக்கு வந்த பிறகு, வட்டிக் கடனிலும் குடும்ப வன்முறையிலும் சிக்கிய ஒரு பெண்ணுக்காகக் கேட்க நம் வாய் கூசுகிறது.

இரு தரப்பும் சொல்வது

எதிர்ப்பவர்களின் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. சட்டம் அனுமதித்தால் ஏழைப் பெண்கள்மீது "இதுவும் ஒரு வேலைதானே" என்ற அழுத்தம் விழும், கடத்தல்காரனுக்கு உரிமம் ஒரு போர்வையாகும், மதமும் குடும்ப அமைப்பும் பலவீனமாகும் என்கிறார்கள். ஆதரிப்பவர்கள், இத்தனை ஆண்டுச் சோதனைகளால் தொழில் இடம் மாறியதே தவிர ஒழியவில்லை, அடித்தவனையும் ஏமாற்றியவனையும் பற்றிப் புகார் கொடுக்க முடியாத பெண்ணைத்தான் கடத்தல்காரன் விரும்புவான் என்கிறார்கள்.

இரு தரப்பும் ஒத்துப்போக முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் பாலியல் வல்லுறவுப் பிரிவு, பெண்ணின் தொழிலைப் பார்த்து அவளை விலக்கி வைக்கவில்லை. பணம் வாங்கியவளுக்கும் அது பொருந்தும். ஆனால் புகார் கொடுக்கப் போனால் தானே கைதாகலாம் என்ற பயம் இருக்கும்வரை அந்தப் பிரிவு அவளுக்கு ஏட்டுச் சுரைக்காய். பாதிக்கப்பட்டுப் புகார் கொடுக்க வருபவர்மீது வழக்கில்லை, ஆணுறை சாட்சியம் இல்லை, சோதனைப் படங்களில் முகம் இல்லை என்ற மூன்றையும் நடைமுறைப்படுத்த, தொழிலைச் சட்டமாக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உதவி தேவைப்பட்டால்

துன்புறுத்தல், ஆள்கடத்தல், சிறார் சுரண்டல் பற்றித் தகவல் தரவும் உதவி கேட்கவும் மகளிர் அமைச்சின் தாலியான் காசே 15999 எண் 24 மணி நேரமும் செயல்படுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ஓ.எஸ்.சி.சி. எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தைக் கேட்கலாம். முதலில் சிகிச்சை பெறலாம்.

கைதானால், ஏன் கைது என்று அறியவும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் உரிமை உண்டு. மலேசியக் குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் தடுப்புக் காவல் மனு கட்டத்திலேயே இலவசமாக வழக்கறிஞரை அளிக்கிறது.

ஒருவரின் கடப்பிதழை இன்னொருவர் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். முதலாளி, முகவர், "அக்கா" என்று அழைக்கப்படுபவர் யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் பெயரைச் சொல்லாமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம்.